‘எந்த ஸ்ட்ரீம்?’ என்ற கேள்விக்கு இனிப் பதில் இல்லை

இரண்டாம் தவணை முடிகிற வாரம், சிங்கப்பூரில் மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மண்டபத்தில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு. வகுப்புக்கு ஒரு மேசை, எதிரே மூன்று நாற்காலி, குடும்பத்துக்குப் பத்து நிமிடம். எங்கள் முறைக்காக நானும் மகளும் காத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் புளோக்கில் எட்டாவது மாடியில் குடியிருக்கும் அண்ணன், மன்னார்குடிப் பக்கத்துக்காரர். வேலையிடத்து ஆங்கிலம் அவருக்குச் சரளம். பள்ளிக்கூடத்து ஆங்கிலம் வேறு. அது அவர் காதைத் தாண்டி ஓடிவிடும். அதனால் மொழிபெயர்ப்பு வேலையை உயர்நிலை 2 படிக்கும் மகனே பார்த்துக்கொண்டான். மூன்று வாரமாக அறிவியல் பாடத்தில் ஒரு ஒப்படைப்பும் வரவில்லை என்றார் ஆசிரியர். பையன் அப்பா பக்கம் திரும்பி, “சயின்ஸ்ல இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணச் சொல்றாங்கப்பா” என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் மகள் என் காலை மிதித்தாள்.

கடைசியில் அண்ணன் தன் கேள்வியைத் தானே கேட்டார். மகன் எந்த ஸ்ட்ரீம், அதாவது எந்தப் பிரிவு: வேகமாகப் படிக்கிறவர்களின் எக்ஸ்பிரசா, நார்மலா? ஆசிரியர் பொறுமையாக விளக்கினார், ஒரு தாளையும் கொடுத்தார். கீழே கோப்பிக்கடையில் அந்தத் தாளை என் முன்னால் வைத்தார் அண்ணன். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஓர் எழுத்து, ஓர் எண். தமிழ் ஜி3. ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஜி2. “மார்க் தெரியுது தம்பி. ஆனா இவன் எங்க நிக்கிறான்னு தெரியலையே?”

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாதபடி கல்வி அமைச்சு உயர்நிலைப் பள்ளியை மாற்றிவிட்டது. இந்த மாற்றம் பிள்ளைகளுக்கு ஓரளவு பழகிவிட்டது. பெற்றோரில் பாதிப் பேர் இன்னும் பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதிய ஊரில் வழி தேடுகிறோம்.

பழைய வரைபடம் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் புதியது புரியும். 1979ல் அன்றைய துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு ஓர் அறிக்கை தந்தது. அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் படிக்க வேண்டியிருந்தது. வீட்டில் பேசாத மொழிகள் இரண்டைப் பள்ளியில் சுமந்துகொண்டு தடுமாறியவர்கள் பலர். பாதியில் நின்றவர்களும் பலர். அவரவர் வேகத்துக்கு ஏற்பப் பிரித்துப் படிக்க வைத்தால் பள்ளியில் தங்குவார்கள் என்பது குழுவின் முடிவு. அப்படி வந்ததுதான் விரைவுநிலை (எக்ஸ்பிரஸ்), வழக்கநிலை (நார்மல்) என்ற பிரிவுகள். 1994ல் வழக்கநிலையில் தொழில்நுட்பப் பிரிவும் சேர்ந்தது; பழையது வழக்கநிலை ஏட்டுக்கல்வி ஆனது. பள்ளியில் தங்கவைப்பது என்ற நோக்கம் நிறைவேறியது, அதை மறுக்க முடியாது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் படித்த காலத்தில் ‘நார்மல்’ என்பது ஒரு பாடத்திட்டத்தின் பெயராக இல்லை, ஒரு பையனின் பெயராகவே இருந்தது. தமிழ் வகுப்புக்கு மட்டும் பக்கத்து வகுப்பிலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்காரும் நண்பன் ஒருவன் எனக்கு இருந்தான். தமிழில் எங்கள் எல்லாரையும் விட அவன் கெட்டிக்காரன். மற்றப் பாடங்கள் அவனை எங்கே உட்கார வைத்தனவோ அங்கேதான் நாள் முழுக்க இருந்தான்.

2019 மார்ச்சில் அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யி காங், இந்தப் பிரிவுகள் முடிவுக்கு வரும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 2020ல் 28 பள்ளிகள் முன்னோட்டமாகத் தொடங்கின. 2024ல் உயர்நிலை 1ல் சேர்ந்தவர்கள்தான் பிரிவுகள் இல்லாத முதல் தொகுதி. இதற்கு அமைச்சு வைத்திருக்கும் பெயர் நாக்கைச் சுளுக்க வைக்கும்: முழுமையான பாட அடிப்படையிலான வகைப்படுத்துதல். பொருள் எளிது. பிள்ளையை வகைப்படுத்துவதில்லை, பாடத்தை வகைப்படுத்துகிறார்கள். ஜி3 என்பது பழைய விரைவுநிலையின் தரம், ஜி2 வழக்கநிலை ஏட்டுக்கல்வியின் தரம், ஜி1 வழக்கநிலை தொழில்நுட்பத்தின் தரம். ஒரே பிள்ளை மூன்றிலும் கால் வைக்கலாம்.

அண்ணன் மகனையே எடுத்துக்கொள்வோம். தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் தேர்வில் 2021 முதல், மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போடும் பழைய டி-ஸ்கோர் மதிப்பெண் கிடையாது. நான்கு பாடம், ஒவ்வொன்றிலும் 1 முதல் 8 வரை அடைவுநிலை. 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் என்றால் அடைவுநிலை 1. 65 முதல் 74 வரை அடைவுநிலை 5. நான்கையும் கூட்டினால் வருவது 4க்கும் 32க்கும் இடையில். இதில் எண் குறையக் குறையத்தான் நல்லது. ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு இதைத் தொலைபேசியில் விளக்குவது தனிக்கலை. பையனுக்குத் தமிழில் 3, ஆங்கிலத்தில் 6, கணிதத்திலும் அறிவியலிலும் 7. மொத்தம் 23. 20 வரை உள்ளவர்கள் மூன்றாம் சேர்க்கைப் பிரிவு. 23, 24 வாங்கியவர்கள் இரண்டாம் பிரிவு. பழைய கணக்கில் இவன் வழக்கநிலை, அத்தோடு பேச்சு முடிந்தது. புதிய கணக்கில் சேர்க்கைப் பிரிவு என்பது பள்ளிக்குள் நுழையும் வாசல் மட்டும். ஒரு பாடத்தில் அடைவுநிலை 5ஓ அதைவிடச் சிறப்பாகவோ வாங்கியிருந்தால், எந்த வாசல் வழியாக வந்தாலும் அந்தப் பாடத்தை முதல் நாளிலிருந்தே ஜி3ல் படிக்கலாம். அப்படித்தான் இவனுடைய தமிழ் ஜி3.

வகுப்பும் கலந்துதான் இருக்கிறது. எல்லாப் பாடத்தையும் ஜி3ல் படிக்கும் என் மகளுக்கும் இவனுக்கும் ஒரே வகுப்பாசிரியர். ஓவியம், இசை, உடற்கல்வி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும், உணவுக் கல்வி, நற்குணமும் குடிமையும் என ஆறு பாடங்களை எல்லாரும் சேர்ந்தே படிக்கிறார்கள். பாட நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. மற்ற நேரத்தில் மணி அடித்ததும் கலைந்து அவரவர் தரத்துக்கான அறைக்குப் போகிறார்கள். யார் எந்த அறைக்குப் போகிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா? தெரியும். பெயர்ப்பலகையைக் கழற்றினால் கேலி முழுக்க நின்றுவிடும் என்று நம்ப நான் தயாரில்லை. ஆனால் கணிதத்துக்கு ஓர் அறை, தமிழுக்கு வேறோர் அறை என்று ஆகும்போது, ஒரு பையனை ஒரே சொல்லில் அடக்குவது கொஞ்சம் கடினமாகிவிடுகிறது. அதுவே பெரிய விஷயம்.

பெற்றோருக்குச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. முன்பு தீர்ப்பு ஒரே நாளில் வந்தது. நவம்பர் மாதத்தில் ஒரு காலை, அழுகையோ சிரிப்போ, அதற்குப் பிறகு நான்கு வருடம் பெரிதாக எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இப்போது தீர்ப்பு நான்கு வருடத்தில் சிறு சிறு முடிவுகளாகச் சிதறிக் கிடக்கிறது. உயர்நிலை 1ல் நன்றாகச் செய்தால் ஒரு பாடத்தை மேல் தரத்துக்கு மாற்றலாம். வரலாறு, புவியியல் போன்ற பாடங்களை உயர்நிலை 2லிருந்து மேல் தரத்தில் எடுக்கலாம். சுமை தாங்காவிட்டால் இறங்கவும் செய்யலாம். கதவுகள் அதிகம், ஆனால் எந்தக் கதவையும் யாரும் வீட்டுக்கு வந்து தட்டிச் சொல்வதில்லை. வாய்ப்பைக் கவனித்துக் கேட்கிற வீட்டுப் பிள்ளைக்கு இந்த முறை நல்ல வசதி. ‘பள்ளிக்கூடம் பாத்துக்கும்’ என்று இருக்கிற வீட்டுப் பிள்ளை, இருந்த இடத்திலேயே இருந்துவிடுவான்.

எல்லாவற்றிலும் கனமான முடிவு உயர்நிலை 2 கடைசியில் வருகிறது. மேல் இரண்டு வருடத்துக்கு என்னென்ன பாடம், எந்தத் தரத்தில் என்று ஒரு படிவத்தில் வரிசைப்படுத்தித் தர வேண்டும். கூடுதல் கணிதம் வேண்டுமா, தனி இயற்பியலா கூட்டு அறிவியலா, கணக்கியலா இலக்கியமா. பதினான்கு வயதுப் பிள்ளை, நண்பன் எதை எழுதினானோ அதை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டும். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் எச்2 என்ற ஆழமான தரத்தில் கணிதம் எடுக்க வேண்டும், பிறகு பொறியியல் என்று கனவு இருந்தால், கூடுதல் கணிதம் இல்லாமல் போனவர்கள் அங்கே மூச்சுத் திணறுவார்கள். இதை அப்போதே யாராவது சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் பெற்றோர் சந்திப்பில் மதிப்பெண்ணைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்கிறோம், இந்தப் படிவத்தைப் பற்றி ஒன்றுகூடக் கேட்பதில்லை.

மதிப்பெண்ணைப் பற்றிய கேள்விக்கும் பழைய பிடிமானம் இல்லை. 2023க்குள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் அரையாண்டுத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. நடுவில் சிறு மதிப்பீடுகள், கடைசியில் ஆண்டிறுதித் தேர்வு. ‘அரையாண்டுல எத்தனை?’ என்று கேட்டுப் பழகியவர்களுக்குக் கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. ஜி2ல் வாங்கிய 75ம் ஜி3ல் வாங்கிய 58ம் ஒரே தராசில் நிற்காது என்பதும் குழப்பம். அண்ணன் மனைவி, பக்கத்து வீட்டுப் பெண்ணின் 58ஐக் கேட்டுவிட்டுத் தன் மகன் முன்னேறிவிட்டான் என்று பால்பாயசம் வைத்தார். பாயசம் நன்றாக இருந்தது. அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

2027ல் முதல் தொகுதி எழுதப்போகும் தேர்வின் பெயரும் புதியது. வழக்கநிலை, சாதாரண நிலை என்ற இரண்டு ஜிசிஇ தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே சிங்கப்பூர் கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ். எந்தப் பாடத்தை எந்தத் தரத்தில் படித்தார்களோ அதை அந்தத் தரத்தில் எழுதுவார்கள். எல்லாம் ஒரே சான்றிதழில் பதியும்.

அதற்குப் பிறகு என்ன என்பதில்தான் நம் வீடுகளில் பெரிய குழப்பம், அதற்குப் பாதிக் காரணம் ஒரு சொல். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களில் ‘காலேஜ்’ என்றால் பட்டப்படிப்பு. ‘பாலிடெக்னிக்’ என்றால் பிளஸ் டூவில் சரியாகப் போகாத பையன் சேருமிடம் என்று ஒரு பழைய நினைப்பு. இங்கே தொடக்கக் கல்லூரி என்பது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு வருடம். பாலிடெக்னிக், அதாவது பலதுறைத் தொழிற்கல்லூரி, மூன்று வருடப் பட்டயப்படிப்பு. 1954ல் தொடங்கிய சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியும் சேர்த்து மொத்தம் ஐந்து. பட்டயத்தோடு வேலைக்கும் போகலாம், நல்ல புள்ளி இருந்தால் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம்; நிறையப் பேர் போகிறார்கள். தொடக்கக் கல்லூரிக்கு இடம் கிடைத்தும் விரும்பித் தொழிற்கல்லூரிக்குப் போகிறவர்களும் உண்டு. அண்ணனின் மச்சான் ஊரிலிருந்து தொலைபேசியில் “என்ன மாமா, பாலிடெக்னிக்லயா போடப் போறீங்க?” என்று இழுத்தாராம். அந்த இழுப்பு இந்த ஊருக்குப் பொருந்தாது.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் வேறொரு பழைய நினைப்பு. தொழிற்பயிற்சி தரும் தொழில்நுட்பக் கல்விக் கழகம் என்றாலே முகம் சுருங்கும். 1992ல் அது தொடங்கியபோது இருந்ததும் இன்று இருப்பதும் ஒன்றல்ல. 2022 தொடங்கிப் படிப்படியாக, நைட்டெக் என்ற அங்குள்ள சான்றிதழ்ப் படிப்பை முடித்துவிட்டு மறுபடியும் விண்ணப்பிக்கும் அலைச்சல் இல்லாமல், நேரே அதற்கு அடுத்த நிலையான மூன்று வருட ஹையர் நைட்டெக் படிக்கும்படி மாற்றினார்கள். அங்கிருந்து தொழிற்கல்லூரிக்குப் பாதை உண்டு.

தொடக்கக் கல்லூரி வாசலின் அளவும் மாறுகிறது. 2028 சேர்க்கையிலிருந்து, ஆறு பாடத்துக்குப் பதில் ஐந்து பாடத்தின் புள்ளியைக் கூட்டினால் போதும்; இங்கேயும் எண் குறைந்தால்தான் நல்லது, 16 புள்ளிக்குள் இருக்க வேண்டும். முன்பு ஆறு பாடத்துக்கு 20. ஒரு பாடத்தின் பாரத்தை இறக்கி, பிள்ளை தனக்குப் பிடித்ததைக் கொஞ்சம் துணிந்து எடுக்கட்டும் என்பது நோக்கம். பெற்றோர் சிலர் அந்த இடைவெளியிலும் ஒரு துணைப்பாட வகுப்பைச் சொருகிவிடுவார்கள், அது வேறு கதை. தொழிற்கல்லூரி முதலாண்டுச் சேர்க்கையில், கணக்கில் எடுக்கும் ஐந்து பாடத்தில் ஒன்று ஜி2 தரத்தில் இருக்கலாம் என்ற தளர்வும் 2028லிருந்து வருகிறது. அண்ணன் மகனைப் போன்றவர்களுக்கு நேராகப் பயன்படக்கூடிய வரி இதுதான். இதைச் சொன்னபோது அவர் கோப்பிக் கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் தாளை மறுபடி எடுத்தார்.

அப்படியானால் மற்ற பாடங்களில் சில ஜி3ஆக வேண்டுமே? ஆமாம். உயர்நிலை 2ல் அவர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ‘எந்த ஸ்ட்ரீம்’ என்று கேட்டுப் பயனில்லை. ‘கணிதத்தில் மேலே ஏற இவனுக்கு என்ன குறைகிறது, எப்போது முடிவெடுப்பீர்கள்’ என்று கேட்டால் ஆசிரியரிடம் பதில் இருக்கும்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் பலருக்கு முதல் ஜி3 தமிழாகத்தான் இருக்கிறது. இன்னும் கடினமான உயர்தமிழை எடுத்துத் தேறினால் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையில் இரண்டு புள்ளி குறையும். இணைப்பாட நடவடிக்கைக்கான சலுகையையும் சேர்த்து இனி அதிகபட்சம் மூன்று புள்ளி. புள்ளிக்காகத் தமிழ் படிக்கலாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் சுளிக்க மாட்டேன். எதற்காக வந்தால் என்ன, வகுப்பில் உட்கார்ந்தால் சரி. பள்ளியில் தமிழ் இல்லாதவர்கள் பீட்டி சாலையில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களுக்குப் பள்ளி முடிந்து பேருந்து ஏறிப் போகிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழாசிரியர்தான் பல வீடுகளுக்குப் பள்ளியோடு இருக்கும் ஒரே பேச்சுத் தொடர்பு. கணிதத்தில் பையன் ஏன் சறுக்குகிறான் என்று தமிழாசிரியரிடம் விசாரிக்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அது அவர் வேலை இல்லை. ஆனாலும் விசாரித்துச் சொல்வார்.

பெற்றோர் ஈடுபாடு என்று சொல்கிறோமே, அது நம்மிடம் பெரும்பாலும் பணமாகத்தான் வெளிப்படுகிறது. 2023 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்கு ஒரு வருடத்தில் செலவழித்தது 1.8 பில்லியன் வெள்ளி. அதற்கு ஐந்தாண்டு முந்தைய கணக்கில் அது 1.4 பில்லியன். வசதி குறைந்தவர்களுக்கு சிண்டா இருக்கிறது. இந்திய மாணவர்கள் படிப்பில் பின்தங்குகிறார்கள் என்ற கவலையில் 1991ல் தொடங்கிய சங்கம் அது. சம்பளச் சீட்டில் மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை பிடித்தம் போகிறதே, அதுதான் அந்த நிதி. அண்ணன் பல வருடமாகக் கட்டுகிறார். அதே நிதியில் குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்பு நடக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். “நம்ம காசுதானா அது?” என்றார்.

துணைப்பாட வகுப்பை நான் குறை சொல்லவில்லை, என் மகளும் கணிதத்துக்குப் போகிறாள். ஆனால் அது நாளைய பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும். எந்தப் பாடத்தை எடுக்க வேண்டும், எதற்காக என்று சொல்லிக்கொடுக்காது. அந்தப் பேச்சு வீட்டில்தான் நடக்க வேண்டும், அதற்குத் தகவல் வேண்டும். அது கிடைக்காமலும் இல்லை. 2019லிருந்து, பள்ளி பெற்றோருக்கு அறிவிப்பு அனுப்பும் பேரன்ட்ஸ் கேட்வே செயலி எல்லாருடைய கைபேசியிலும் இருக்கிறது; ஒப்புதல் பொத்தானை அழுத்துவதோடு நிறுத்திவிடுகிறோம். படிப்பு, வேலை பற்றி ஆலோசனை சொல்லப் பள்ளிகளில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பெற்றோரும் நேரம் கேட்டுப் பார்க்கலாம். ஆசிரியரை இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் பிடிப்பதுதான் ஈடுபாடு என்று நினைப்பவர்களுக்கு, 2024 செப்டம்பரில் அமைச்சு வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பு தெளிவாகவே பதில் சொல்லிவிட்டது: ஆசிரியர் தன் சொந்தத் தொலைபேசி எண்ணைத் தர வேண்டியதில்லை, பள்ளி நேரத்துக்குப் பிறகு பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. சரியான முடிவு. ஆனால் இரவு நேரப் பணி பார்க்கும் அப்பாக்களுக்குப் பள்ளி நேரம் என்பது தூங்கும் நேரம். அவர்களுக்கு என்ன வழி என்று எந்தக் குறிப்பும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு ஒரு வழி கிடைத்தது. பாடத் தேர்வுப் படிவம் வருவதற்கு முன், இன்னொரு சந்திப்பு வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது என்று பள்ளிக்கு எழுதிக் கேட்டோம். வாசகத்தை நான் அடித்துக் கொடுத்தேன், அனுப்பும் பொத்தானை அவர் அழுத்தினார். தமிழாசிரியர் வந்து உட்கார்ந்தார். மகன் வெளியே நடைபாதைப் பெஞ்சில். அரை மணி நேரம் பேசினார்களாம்.

அன்று மாலை மின்தூக்கி அருகே பார்த்தேன். கணிதத்தை மேலே ஏற்ற முடியுமா என்று கேட்டாரா என்றேன். கேட்டாராம். ஆண்டிறுதித் தேர்வு வரை பார்ப்பார்களாம், என்னென்ன வேண்டும் என்று தாளில் எழுதியும் தந்திருக்கிறார்கள். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அது கிடக்கட்டும் தம்பி. அந்த சயின்ஸ் வேலை... மூணு வாரமா ஒண்ணுமே குடுக்கலையாமே? போன தடவை இவன் வேற என்னமோ சொன்னான்?”

மின்தூக்கி வந்துவிட்டது. பையன் எங்கள் இருவரையும் பார்க்காமல் எட்டாம் எண்ணை அழுத்தினான்.